இடக்கைத் துவக்கு

அந்த ஓட்டையளோ? எலியுமில்லை, கறையானுமில்லைப் பிள்ளை. இந்த நோர்வேக் குளிருக்குள்ளை கறையான் எங்கை? படுக்கை அறைச் சுவரிலை, உம்மடை அலுமாரிக்குப் பின்னாலை, நாலு ஓட்டை, என்ரை பெருவிரல் போற மொத்தம். ஓமெல்லே? எனக்குத் தெரியும். அதைத் துளைக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். கொங்கிறீற்றிலை துளைக்கத் துளைக்க முழு மாடியும் அதிர்ந்தது. மூண்டாம் மாடி மனுசி காதைப் பொத்திக்கொண்டு ஏறி வந்து கத்திப்போட்டுப் போனவ. உமக்கு முதல் உந்த வீட்டிலை இருந்தவ, துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரியை அதிலைதான் இறுக்கினவ.

ஓம், துவக்கு. நீங்கள் இந்தியாவிலை துப்பாக்கி எண்டுவியள். ஏன் இப்ப முகம் வெளிறுது? இரும், கதிரையை இழுத்துப்போட்டு இரும். வீடு வித்துத் தந்த பெடியன் உமக்கு இதைச் சொல்லேல்லையே? சொல்லமாட்டான். ஆனால் பயப்பட ஒண்டுமில்லை. அந்த அலுமாரிக்குள்ளை ஒருநாளும் ஒரு துவக்கும் வரேல்லை. ஏழு மாதம் வெறும் இரும்பாத்தான் அதிலை நிண்டது.

தேத்தண்ணி ஊத்திறன். சீனி எவ்வளவு? உங்கடை ஆக்கள் பாலைக் கொதிக்கவிட்டுப் போடுற மாதிரி எனக்கு வராது, சொல்லிப்போட்டன்.

பேர் கேக்காதையும். பேரைச் சொன்னால் நீர் நாளைக்குக் கோயிலிலை கேப்பீர், அங்கை நாலு பேர் நாலு கதை கட்டுவினம். அவ எண்டே வைச்சுக்கொள்ளுவம். மட்டக்களப்புப் பக்கம், படுவான்கரை. சின்ன உருவம், என்ரை தோள்மூட்டுக்குத்தான் வருவா. முதியோர் இல்லத்திலை வேலை. கிழவன்மாரையும் கிழவியளையும் தூக்கித் தூக்கி அவவின்ரை கை இரும்பு மாதிரி. இந்தக் கட்டிடத்திலை லிப்ற் நிண்டுபோனால், என்ரை அரிசி மூட்டையை நாலாம் மாடிக்கே கொண்டுபோய்ப் போட்டு ரெண்டாம் மாடிக்குத் திருப்பிக் கொண்டுவருவா, வீடு மாறிப் போச்செண்டு சிரிச்சுக்கொண்டு. வாயைத் திறந்தால் 'மறுகா'. 'மறுகா வாறன் அக்கா, மறுகா பாப்பம் அக்கா.' 'மறுகா எண்டால் எப்பவடி?' எண்டு நான் பகிடி பண்ணுவன். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள் 'பேந்து' எண்டுவம், அதைக் கேட்டால் அவவுக்குச் சிரிப்பு நிக்காது.

அவவிட்டை ஒரு குணம். எதையும் ஒருக்காத்தான் கேப்பா. நாங்கள் அப்பிடியே? ஒண்டைக் கேட்டு, பத்தாமல் இன்னொண்டைக் கேட்டு, வாசல்படியிலை நிண்டும் நாலு கேட்டுத்தான் விடுவம். அவ ஒருக்காக் கேப்பா. நீர் என்ன மறுமொழி சொல்லுறீரோ, அதை வாங்கிக்கொண்டு போயிடுவா. உண்மையோ பொய்யோ, அது சொன்ன ஆளின்ரை பாடு.

புருசனோடையும் அப்பிடித்தான். அந்த மனுசனுக்கு ட்வெய்ட்டாவிலை வேறை ஒரு தொடுப்பெண்டு ஊருக்கெல்லாம் தெரியும். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டு கேட்டாவாம், 'இஞ்ச இரிக்கிறீங்களா, போறீங்களா?' அவர் 'பாப்பம்' எண்டாராம். சாப்பிட்டு முடிய விட்டா. பேந்து அவரின்ரை சேட்டெல்லாத்தையும் இஸ்திரிப் பெட்டியாலை மினுக்கி, மடிச்சு, பெட்டியிலை வைச்சுக் கதவடியிலை வைச்சா. மினுக்கித்தான் வைச்சவ, பாரும்! கோயில் பொம்பிளையள் சொன்னவை, இன்னும் ரெண்டு தரம் கேட்டிருந்தால் அந்த மனுசன் இறங்கி வந்திருக்கும் எண்டு. அவவுக்கு ரெண்டாந்தரம் எண்ட ஒண்டு தெரியாது.

என்னட்டை முதன்முதல் கேட்டதைச் சொல்லுறன். அவ குடிவந்த புதுசு, வருசப் பிறப்பு. ஒரு தட்டிலை பலகாரம் கொண்டுவந்து நீட்டினா, இடக்கையாலை. நான் வாங்கேல்லை. 'சோத்துக்கையாலை தாரும் பிள்ளை, நல்ல நாளிலை' எண்டன். தட்டைக் கை மாத்தினா. மாத்திப்போட்டு என்ரை முகத்தைப் பாத்துக் கேட்டா, 'இந்தக் கை உங்களுக்கு என்ன செஞ்சது அக்கா?' கோவமில்லை. தெரியாமல் கேக்கிற மாதிரித்தான் கேட்டவ. 'உள்ளை வாரும், தேத்தண்ணி குடியும்' எண்டன். அதோடை சரி. அதுக்குப் பிறகு அவ எனக்கு எந்தக் கையாலை தந்தாலும் நான் வாங்கினனான்.

ஊரிலை அவவின்ரை தாய் அந்தக் கையைப் பழஞ்சீலைக் கிழிசலாலை இடுப்போடை கட்டி விட்டவவாம், பள்ளிக்கூடம் போற வயசிலை. மூண்டு வருசம். 'பழகலாம், பழகலாம்' எண்டு சொல்லிச் சொல்லிக் கட்டினது. அதாலை சாப்பிடுறதும் எழுதுறதும் சோத்துக்கை. மற்ற எல்லாம் இடக்கை. நோர்வேக்கு வந்து கையெழுத்து வை எண்டு கடதாசியை நீட்டினவுடனை பேனையை இடக்கையிலை எடுத்தாவாம். 'கோணிக்கிட்டுத்தான் வந்திச்சு அக்கா. ஆனா அது என்ட கையெழுத்து.'

எனக்குப் படிப்பு வராது, தெரியுமே? தமிழும் வாசிக்கமாட்டன், இவையின்ரை நோர்ஸ்க் எங்கை வாசிக்கிறது? வாற கடதாசியெல்லாம் அவதான் வாசிச்சுச் சொல்லுறவ. மகனிட்டைக் குடுத்தால் ஒரு பார்வை பாத்துப்போட்டு 'ஒண்டுமில்லை அம்மா' எண்டு மேசையிலை போட்டிடுவான். இவ அப்பிடியில்லை. முதலிலை நோர்ஸ்க்கிலை முழுக்க வாசிப்பா, எனக்கு விளங்காட்டிலும். பேந்து தமிழிலை சொல்லுவா. கீழை ஆர் கையெழுத்து வைச்சிருக்கினம் எண்டுகூடச் சொல்லுவா. அந்த நேரம் நானும் ஒரு பெரிய உத்தியோகக்காரி மாதிரிக் கதிரையிலை நிமிர்ந்து இருப்பன்.

ஓம் ஓம், துவக்குக்கு வாறன்.

அவவோடை வேலை செய்யிற நோர்வேக்காரப் பொம்பிளை ஒருத்தி. அவளின்ரை தகப்பன் சுவீடன் எல்லைப் பக்கம் காட்டிலை எல்க் வேட்டைக்குப் போற கூட்டத்துக்குத் தலைவன். எல்க் கண்டனீரே? மாட்டிலும் உயரம், மூக்குத் தொங்கும், கொம்பு அகப்பை மாதிரி விரிஞ்சிருக்கும். இந்தக் குரோருட் பக்கமே சிலவேளை றோட்டைக் கடக்கும். ஒரு புரட்டாசி முடிவிலை 'சும்மா வா, கோப்பி குடிச்சுக்கொண்டு இருக்கலாம்' எண்டு அந்தப் பிள்ளை இவவைக் கூட்டிக்கொண்டு போனவள். போன ஆள் அப்பிடியே பிடிச்சுக்கொண்டா. அடுத்த வருசம் வேட்டைச் சோதனையும் எழுதிப் பாஸ் பண்ணிப்போட்டா.

'என்னடி பிள்ளை, குளிருக்குள்ளை மரத்துக்குக் கீழை ஏழு மணித்தியாலம் என்ன செய்யிறனீ?' எண்டு கேட்டன்.

'சும்மா இரிக்கன் அக்கா.'

'ஆரோடை கதைக்கிறனீ?'

'ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க. ஒருத்தரும் ஒண்டும் கேக்கவும் மாட்டாங்க. நீ ஆரு, எந்த ஊரு, புருசன் எங்க, புள்ள ஏன் இல்ல, ஒண்டுமே கேக்க மாட்டாங்க. காத்து எந்தப் பக்கத்தால வருதெண்டு மட்டும் கேப்பாங்க.'

இதைச் சொல்லேக்கை அவவின்ரை முகத்தை நீர் பாத்திருக்கவேணும். பிள்ளைப்பேறு முடிஞ்ச பொம்பிளையின்ரை முகம் மாதிரி அப்பிடி ஒரு ஆறுதல்.

கோயில் பொம்பிளையள் முதலிலை மூக்கைச் சுளிச்சவை. சைவப் பிள்ளைக்கு உது என்ன வேலை, ஆம்பிளையளோடை காட்டுக்குள்ளை என்ன கூத்து எண்டு. ஐப்பசியிலை வேட்டைக் கூட்டத்திலை ஆளுக்கு ஒரு பங்கு இறைச்சி பிரிச்சுக் குடுப்பினம். அது வந்த பிறகு பாக்கோணுமே! 'கொஞ்சம் எலும்போடை தாரும் பிள்ளை, இவருக்குச் சளி' எண்டு அதே வாயள் பையோடை வந்து நிண்டது. நானும் காய்ச்சினனான். மிளகு கூடப் போட்டு, தேங்காய்ப்பால் கடைசியிலை விட்டு… அதை விடுவம். உமக்குச் சொல்லி என்ன? நீர் மரக்கறியெல்லே?

அந்த முதல் வருசம் அவவுக்கு அந்த வேட்டைத் தலைவன் கிழவன் தன்ரை பழைய துவக்கை இரவல் குடுத்தவர். அது சோத்துக்கைக்காரருக்குச் செய்தது. ஒரு வெடி வைச்சால் அடுத்த ரவையை ஏத்த ஒரு இரும்புப் பிடி இருக்கு. அதைத் தூக்கிப் பின்னாலை இழுத்து முன்னாலை தள்ளவேணும். அந்தப் பிடி வலப்பக்கம். அவ இடத் தோளிலை வைச்சு இடக்கண்ணாலை பாக்கிறவ. அப்ப விசையிலை இருக்கிற கையை எடுத்து, துவக்குக்கு மேலாலை மற்றப் பக்கம் எட்டி இழுக்கவேணும். இந்தா, இந்த அகப்பையை வைச்சுச் செய்துபாரும். பாத்தீரே? கண்ணும் விலகுது, தோளும் விலகுது.

எல்க் வந்து முன்னாலை நிண்டிருக்கு. முதல் வெடி கொஞ்சம் பின்னுக்கு, வயித்திலை பட்டிட்டுது. உடனை ரெண்டாவது வைச்சிருக்கவேணும். அவ எட்டி இழுத்து ஏத்த முன்னம் அது காட்டுக்குள்ளை போட்டுது. நாயைக் கயித்திலை பிடிச்சுக்கொண்டு தேடினவை. அண்டைக்குக் கிடைக்கேல்லை. அடுத்த நாள் மத்தியானம் ஒரு சதுப்பிலை கிடந்ததாம், உயிர் போகேல்லை. கிழவன்தான் முடிச்சவர். இவ அதின்ரை தலைமாட்டிலை ஈரத்துக்குள்ளை இருந்துகொண்டு கேட்டாவாம், 'பிழை எனக்கா, துவக்குக்கா?' கிழவன் 'ரெண்டும் ஒண்டையொண்டு தெரியாத ஆக்கள்' எண்டாராம். அவ்வளவுதான். தனக்கெண்டு ஒரு துவக்கு எடுக்காமல் இனி ஒரு சீவனுக்கும் குறி வைக்கிறேல்லை எண்டு வந்திட்டா. ஒரு சீவன் ஒரு இரவும் பாதிப் பகலும் தன்னாலை கிடந்து இழுத்ததெண்டதை அவவாலை தாங்கேலாமல் போச்சு. ரெண்டு கிழமை ஒழுங்காச் சாப்பிடேல்லை.

துவக்குப் பாக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனவ, தெரியுமே? 'உங்களுக்கு எழுத்துத் தெரியா அக்கா, ஆனா கண் சரி. நான் தோளில வெச்சா நேரா இரிக்கா எண்டு பாத்துச் சொல்லுங்க' எண்டா. நான் சீலைக்கு மேலை மகன்ரை பெரிய ஜக்கெற்றைப் போட்டு, குல்லாவும் கொழுவிக்கொண்டு துவக்குக் கடைக்குப் போன கோலத்தை நினைச்சால் எனக்கு இப்பவும் சிரிப்பு.

முதல் கடையிலை ஒரு பெடியன். சுவர் முழுக்கத் துவக்கு. 'இடக்கைக்கு இருக்கா?' எண்டு கேட்டா. அவன் ஒரு சோத்துக்கைத் துவக்கை எடுத்து நீட்டி, இதையே பழகலாம், கனபேர் பழகியிருக்கினம் எண்டான். அவ திரும்பிக் கதவாலை வெளியிலை வந்திட்டா. 'ஒருக்கா இன்னும் கேளனடி' எண்டு நான் பின்னாலை ஓடுறன். 'பழகலாமெண்டு சொல்லிட்டான்தானே அக்கா. என்ட அம்மாவும் அதத்தான் சொன்னவ.'

ரெண்டாவது கடை ஒஸ்லோவுக்கு வெளியிலை, பஸ்ஸிலை ஒரு மணித்தியாலம். நரைச்ச மீசைக்காரன். எங்களுக்குக் கோப்பி ஊத்தினவர், இடக்கையாலை! ரெண்டு பேரும் ஒருத்தரின்ரை கையை ஒருத்தர் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, கலியாண வீட்டிலை காணாமல் போன சொந்தத்தைக் கண்ட மாதிரி. முதலிலை அவர் துவக்கே எடுக்கேல்லை. ரெண்டு உள்ளங்கையையும் நீட்டிச் சேத்து நடுவிலை ஒரு சின்ன ஓட்டை வைச்சு, அதுக்குள்ளாலை சுவரிலை இருக்கிற எல்க் தலையைப் பாக்கச் சொன்னார். பாத்துக்கொண்டே கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவரவேணும். எந்தக் கண்ணிலை வந்து நிக்குதோ அதுதான் குறி பாக்கிற கண். அவவுக்கு இடக்கண்ணிலை வந்து நிண்டது. எனக்கும் செய்விச்சுப் பாத்தவர், வலக்கண். 'நீங்களும் வாங்கோ, சோத்துக்கைக்கு மலிவு' எண்டு என்னோடை பகிடி வேறை.

அவரிட்டை இடக்கையிலை மூண்டு இருந்தது. ஒண்டு பெரிய ரவை போடுறது. வெடிக்கேக்கை தோளை உதைக்கும் எண்டார். உதைக்குத் தோள் பயந்தால் விரலும் பயப்படும், விரல் பயந்தால் குறி போகும் எண்டு விளங்கப்படுத்தினார். இஞ்சை எல்க்குக்குச் சின்ன ரவையே காணுமாம், சரியான இடத்திலை பட்டால். அடுத்தது முழுக்கக் கறுப்புப் பிளாஸ்ரிக். மழைக்கு நல்லது, ஆனால் கன்னத்திலை ஐஸ் மாதிரி. மூண்டாவது வால்நட் மரக் கட்டை. கன்னம் வைக்கிற மேடு வலப்பக்கம், இழுக்கிற பிடி இடப்பக்கம். என்னட்டையும் தந்தவர், பிறந்த பிள்ளையின்ரை நிறை.

அவ கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளிலை வைச்சா. அப்பிடித்தான் பாக்கிறதாம்: கண்ணை மூடி வைச்சுப்போட்டுத் திறக்கவேணும், திறக்கேக்கை குறி தன்பாட்டிலை நேரை நிக்கவேணும். முதல்தரம் நிக்கேல்லை. தோளிலை முட்டுற கட்டை நீளம். எங்கடை ஆக்களின்ரை கைக்கு அவங்கள் எங்கை செய்யிறாங்கள்? 'ரெண்டு விரல் குறைச்சுச் செய்விப்பம், பின்லாந்திலையிருந்து வரவேணும், நாலு மாதம்' எண்டார் மீசைக்காரன். இப்போதைக்குத் தன்ரை கடையிலை இருந்த ஒரு குட்டைக் கட்டையை மாத்திப் பூட்டிக் குடுத்தார். திரும்ப மூடினா, வைச்சா, திறந்தா. 'அக்கா, நேரா இரிக்கா?'

நேரா இருந்தது பிள்ளை. அப்பிடி நேரா ஒரு பொம்பிளை நிண்டதை நான் என்ரை சீவியத்திலை பாக்கேல்லை. 'இருக்கடி' எண்டன். அந்தப் பிடியைச் சடக்கெண்டு இழுத்துத் தள்ளினா. கண் அசையேல்லை. கட்டிவைச்ச கையை அண்டைக்குத்தான் அவிட்டுவிட்ட மாதிரி இருந்தது.

கடையிலை சொல்லிப்போட்டினம், பொலிசின்ரை அனுமதி வந்தால்தான் துவக்கைக் கையிலை குடுப்பினம் எண்டு. அவ அதுக்கு முதலே இரும்பு அலுமாரியைக் கொண்டுவந்து பூட்டிப்போட்டா. தொட்டில் வாங்கி வைக்கிற மாதிரி.

அந்த நாலு மாதத்துக்குள்ளைதான் நான் என்ரை வாயைத் திறந்தனான்.

கோயிலிலை அன்னதானம். குசினியிலை ஏழெட்டுப் பேர், பூசணிக்காய் வெட்டிக்கொண்டு நிக்கிறம். எனக்கு அவவைப் பற்றிச் சொல்லாட்டிப் பொச்சம் தீராது. சுடுற சோதனையிலை அஞ்சு வெடியும் நடுவட்டத்துக்குள்ளை எண்டு பெருமையா எடுத்துவிட்டன். ஒருத்தி கேக்கிறாள், 'எங்கடை பொம்பிளைக்கு உது எப்பிடியக்கா வந்தது?' நான் கத்தியைப் பிடிச்சுக்கொண்டு, 'இஞ்சை வந்தே பழகினது? அங்கையே நல்லாப் பழகிப்போட்டுத்தானே வந்தவ' எண்டு கண்ணைச் சிமிட்டினன். பகிடிதான். குசினி முழுக்கச் சிரிப்பு. என்ரை பகிடிக்கு அப்பிடி ஒருத்தரும் ஒருநாளும் சிரிச்சதில்லை, பிள்ளை. ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கிட்ட வந்து, 'உண்மையோ? எந்த இயக்கத்திலை இருந்தவ?' எண்டாள். அப்ப எண்டாலும் 'இல்லையடி, பகிடி' எண்டிருக்கலாம். நான் என்ன செய்தன்? வாயிலை விரலை வைச்சு 'ஷ்' எண்டன். அந்த விரல்தான் எல்லாத்தையும் செய்தது.

அவ ஊரிலை துவக்கைத் தொட்டதே இல்லை. வெடிச் சத்தம் கேட்டால் வயலுக்குள்ளை குப்புறப் படுத்த பிள்ளை. தமையனைக் கொண்டுபோனதும் துவக்கோடை வந்த ஆக்கள்தான். இந்தக் கதிரையிலை, நீர் இருக்கிற இதே கதிரையிலை இருந்து எனக்கு மட்டும் சொன்னவ. தெரிஞ்சுகொண்டுதான் அந்தக் கண்ணைச் சிமிட்டினனான்.

ஆர் பொலிசுக்குச் சொன்னதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஆரின்ரை சொல் எண்டு தெரியும்.

அனுமதிக்குப் பதிலா பொலிசிட்டையிருந்து ஒரு கடதாசி வந்தது. என்ரை கடதாசியோடை அதையும் கொண்டுவந்து இதே மேசையிலை வைச்சு எனக்கு வாசிச்சவ. முதலிலை நோர்ஸ்க்கிலை, பேந்து தமிழிலை. 'கதைக்கோணும், வரட்டாம் அக்கா. ஏனெண்டு இல்ல. ஆரோ ஒரு பொம்பிள கையெழுத்து வெச்சிரிக்கா.' 'அது சும்மா, எல்லாரையும் கூப்பிடுறவங்கள்' எண்டன்.

போனவ. மரியாதையாத்தான் கதைச்சவையாம், தண்ணியும் குடுத்தவையாம். எந்த வயசிலை ஊரை விட்டது, அங்கை ஆரோடை இருந்தது, எங்கை சுடப் பழகினது. 'ஒரு தகவல் வந்திருக்கு, அதாலை கேக்கவேண்டியிருக்கு' எண்டினமாம். ரெண்டு மணித்தியாலம். பேந்து நேரை என்ரை கதவடிக்குத்தான் வந்தவ, சப்பாத்தும் கழட்டேல்லை. நான் வடை சுட்டுக்கொண்டு நிக்கிறன்.

'அக்கா, நான் ஊரில சுடப் பழகினதெண்டு சொன்னது நீங்களா?'

எண்ணெய் கொதிக்குது. அவ நிக்கிறா. அந்தப் பலகாரத் தட்டோடை என்னைப் பாத்த அதே பார்வை. நான், 'நானோ? என்ரை பேத்தியாண இல்லையடி!' எண்டன்.

பேத்தியைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணினனான், பிள்ளை.

'சரி அக்கா' எண்டா. அவ்வளவுதான். திரும்பிப் போகேல்லை. மேசையிலை கண் ஆசுப்பத்திரிக் கடதாசி கிடந்தது. அதை எடுத்து வாசிச்சா, முழுக்க. 'வெள்ளிக்கிழம ஒம்பதரைக்கு. கண்ணுக்கு மருந்து விடுவாங்க, பார்வ மங்கும், தனியாப் போக வேணாமாம். நான் வாறன்.' வந்தவ! வேலைக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்து, என்ரை கையைப் பிடிச்சு றெயினிலை ஏத்தி இறக்கி, எல்லாம் செய்தவ. நான் கண்ணுக்குள்ளை மருந்தோடை ஒண்டும் தெரியாமல் அவவின்ரை இடக்கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கண் தெரியாத நேரம்தானே, முகம் பாக்கவும் தேவையில்லை. சொல்லேல்லை.

கேளும், இன்னும் இருக்கு. ஆறு கிழமையிலை அனுமதி வந்திட்டுது! ஒரு குறையும் இல்லையாம். கொண்டுவந்து வாசிச்சுக் காட்டினா. நான் துள்ளிக் குதிச்சன். எனக்கு ஏதோ பாவம் கழுவின மாதிரி. 'எப்பவடி எடுக்கப் போறாய்? நானும் வாறன், அந்த மீசைக்காரனைப் பாக்க' எண்டன்.

'வேணாமெண்டு எழுதிட்டன் அக்கா.'

'ஏனடி? தந்திட்டாங்களெல்லே?'

அப்பதான் சொன்னவ. பொலிஸ் அந்த வேட்டைக் கிழவனுக்கும் ரெலிபோன் எடுத்து விசாரிச்சிருக்கு, அது அவையின்ரை வழக்கம். பேந்து ஒரு சனிக்கிழமை கூட்டமாக் காடு பாக்கப் போன இடத்திலை, நெருப்பு மூட்டிக் கோப்பி ஊத்திக் குடுத்துப்போட்டு, கிழவன் மெதுவா இவவைக் கேட்டாராம், 'அங்கை உனக்கு என்ன நடந்தது?' எண்டு. சுத்தி இருந்த ஆறு பேரும் கோப்பையைப் பாத்துக்கொண்டு மறுமொழிக்குக் காத்துக்கொண்டு இருந்தவையாம்.

'பரிவாத்தான் கேட்டாரு அக்கா. ஆனா கேட்டுட்டாரு.'

இவ்வளவு பெரிய நாட்டிலை அவவை ஒண்டும் கேக்காத இடம் அது ஒண்டுதான் இருந்தது.

துவக்கு பின்லாந்திலையிருந்து வந்து மீசைக்காரனின்ரை கடையிலை கனகாலம் கிடந்ததாம். இடக்கை, அதுவும் சின்ன ஆளுக்கெண்டு கட்டையைக் குறுக்கினது. ஆர் எடுக்கிறது? அடுத்த பங்குனி வீட்டை வித்துப்போட்டு வடக்கை போட்டா. பிளேனிலை ரெண்டு மணித்தியாலம், பேந்து கப்பல், ஏதோ ஒரு தீவு. அங்கையும் முதியோர் இல்லம்தான். தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இல்லையெண்டு விசாரிச்சுப் பாத்துத்தான் போனவவாம்.

கோயிலிலை இப்பவும் சொல்லுவினம், 'பாத்தீங்களே, உண்மையில்லாட்டி ஏன் ஓடினவ?' எண்டு. நான் வாயைத் திறக்கிறேல்லை. திறக்கவேண்டிய நேரம் திறக்கிறதில்லை, அதுதான் என்ரை வாய். வருசப் பிறப்பெண்டால் அவ ரெலிபோன் எடுப்பா. 'கண் எப்பிடி அக்கா? கடதாசி ஆரு வாசிக்கிறா?' எண்டு கேப்பா. அந்தத் தீவிலை காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்குதெண்டு சொல்லுவா. நானும் கறி என்ன, குளிர் என்ன எண்டு கதைப்பன். ஒருநாள் எண்டாலும் 'அக்கா, அண்டைக்கு…' எண்டு துவங்கமாட்டாவோ எண்டு ரெலிபோனைக் காதோடை அமத்திப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். துவங்கமாட்டா. எனக்குத் தெரியும், துவங்கமாட்டா.

என்ன? என்ன கேட்டனீர்? கொஞ்சம் பலமாச் சொல்லும்… நான் எடுத்துச் சொன்னால் என்ன எண்டோ? அந்த நம்பர் கையிலைதானே இருக்கெண்டோ?

மணி என்ன இப்ப? ஐயோ, பதினொண்டாகப் போகுது! கீழை பொது மிசினிலை உடுப்புக் கிடக்கு, எங்கடை முறை பதினொரு மணி வரைக்கும்தான். எடுக்காட்டி மூண்டாம் மாடி மனுசி ஈரத்தோடை அள்ளிச் சீமெந்திலை போட்டிடுவா. உந்தக் கூடையை இஞ்சாலை தாரும். நீர் ஆறுதலாக் குடியும், கோப்பையைக் கழுவவேண்டாம், அதிலை வையும். எனக்குப் படி இறங்க நேரமெடுக்கும். கதவை இழுத்துச் சாத்திப்போட்டுப் போம், என்ன.